ஏழு என்று தட்டியவன்

முதல் கல் காரின் முன்கண்ணாடியில் விழுந்தது. இரண்டாவது கல் உள்ளே புகுந்து என் இடது தோளில் விழுந்தது. மூன்றாவதாக வந்தது கல் இல்லை, அரிவாள்.

பட்டப்பகல் பத்தரை மணி. பரவையைத் தாண்டிச் சமயநல்லூருக்குள் நுழையும் இடத்தில், சர்வீஸ் ரோட்டில் இரண்டு பைக்குகள் குறுக்கே நின்றன. நான்கு பேர், நான்கு ஹெல்மெட். மற்ற நாளில் எவனும் ஹெல்மெட் போட மாட்டான். வெட்ட வரும்போது மட்டும் சட்டத்தை மதிக்கிறான்கள்.

"மேடம், குனிங்க!" என்று கத்திக்கொண்டே பிரேக்கை மிதித்தேன். அரிவாள் ஜன்னல் விளிம்பில் கொத்தி மாட்டிக்கொண்டது. அவன் அதை உருவப் போராடிய நேரத்தில் நான் கதவை முழு வேகத்தில் திறந்தேன். கதவு அவன் வயிற்றில் இறங்கியது. அவன் மடங்கி உட்கார்ந்தான். அடுத்தவன் என் முகத்தில் ஒரு குத்து விட்டான். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம்.

நான் கருத்தக்கண்ணன். பதினெட்டு வருசம் எழுமலை மினிபஸ்ஸில் கண்டக்டர். படிக்கட்டில் தொங்கியவன், பாட்டிலோடு ஏறியவன் எல்லோரிடமும் அடி வாங்கிப் பழகிய உடம்பு. கடந்த மூன்று வருசமாகத் துப்பறியும் பவதாரிணிக்கு டிரைவர், உதவியாளர், வேண்டும்போது அடிதாங்கி.

பவதாரிணி மேடம் மறுபக்கம் இறங்கி, வீல் ஸ்பேனரால் மூன்றாமவனின் முழங்காலில் ஒரு போடு போட்டார். 'மடக்' என்று சத்தம் கேட்டது. ஒரு காலத்தில் சைபர் கிரைமில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே வேலை பார்த்தவருக்கு இம்புட்டு கை நீளம் எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நான்காமவன் அவர் முதுகுக்குப் பின்னால் அரிவாளை ஓங்கினான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பின்னாலிருந்து ஒரு பிக்கப் வேன் சீறி வந்து நின்றது. அதிலிருந்து குதித்த ஆள், மேலே கட்டியிருந்த அலுமினிய ஏணியை உருவி ஒரே சுற்றாகச் சுற்றினார். "எவன்டா அது! வாங்கடா!" என்று கத்தினார். அவ்வளவுதான். நாலு பேரும் நொண்டியும் ஓடியும் பைக்கில் ஏறிப் பறந்துவிட்டார்கள்.

"சாமி மாதிரி வந்தீங்கண்ணே!" என்றேன்.

"நான் சுருளி. மருதம் நெட்டுல லைன் மேஸ்திரி. நீங்க வாரீகன்னு கனகா சொல்லுச்சு. பின்னாலயே வாங்க, ஒரு பயலும் கிட்ட வர மாட்டான்" என்றார் அவர். ஐம்பது வயது, கருங்காலிக் கட்டை போல உடம்பு. கண்ணில் நிஜமான அக்கறை தெரிந்தது.

கார் கிளம்பியதும் மேடம் கேட்டார். "கண்ணண்ணே, தோள் எப்படி இருக்கு?"

"இருக்கு மேடம். இந்தக் காலத்துல அதுவே பெரிய விஷயம்."

"ஒரு சந்தேகம். அருவாள் வச்சிருக்கவன் ஏணியைப் பார்த்து ஏன் ஓடுனான்?"

"உயிர் பயம் மேடம். அந்த ஏணி பதினாறு அடி."

மேடம் உடைந்த கண்ணாடி வழியாக வேனையே பார்த்துக்கொண்டு வந்தார்.

விஷயம் இதுதான். சமயநல்லூர் மெயின் ரோட்டில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் மருதம் நெட் கம்பெனியின் கன்ட்ரோல் ரூம். சுற்றுவட்டாரத்தில் முப்பது ஊருக்கு இன்டர்நெட் அங்கிருந்துதான் போகிறது. திங்கட்கிழமை மத்தியானம் அந்த அறையில் தலைமை என்ஜினியர் பீமாராவ் செத்துக் கிடந்தார். கடப்பாரையால் மூன்று அடி. முதல் அடியிலேயே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். மிச்ச இரண்டும் வெறி.

அறையில் இருந்த கேமரா அன்று பதினொன்று ஆறுக்கே செத்துவிட்டது. கேமரா வரும் வழியை யாரோ ரூட்டரில் அடைத்திருக்கிறார்கள். எந்த ஆள் அடைத்தான் என்று ரூட்டர் பதிவில் பெயரே இருந்தது: தமிழ்மாறன். அங்கே இரண்டாவது என்ஜினியர். செத்தவரின் தங்கை கனகாவுக்குப் புருசன்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, கறிச்சோறு தின்கிற இடத்தில் மச்சானும் மாப்பிள்ளையும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்மாறனுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது, பீமாராவ் விடமாட்டேன் என்றார். "ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் உன்னையப் போட்டுத் தள்ளிட்டுத்தான் போவேன்" என்று தமிழ்மாறன் கத்தியதைத் தெருவே கேட்டது. திங்கட்கிழமை காலையில் எங்கே இருந்தாய் என்றால், கோபத்தில் தெப்பக்குளத்துப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தேன் என்கிறான். சாட்சிக்குக் குளத்து மீனைத்தான் கூப்பிட வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் இன்ஸ்பெக்டர் அந்தப் பதிவை கனகாவிடம் வாசித்துக் காட்டியிருக்கிறார். கனகா உடனே அம்மியிலிருந்து குழவியைத் தூக்கிப் புருசன் மேல் எறிந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. அந்தக் கையைப் பிடித்தே தரதரவென்று இழுத்துப் போய்ப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிவிட்டாள். அதன் பிறகு நேராக கே.கே. நகருக்கு, பல் ஆஸ்பத்திரிக்கு மேல் இருக்கும் எங்கள் ஆபீசுக்கு வந்தாள்.

"கூடப்பொறந்தவனைக் கொன்னது நான் கட்டிக்கிட்டவனா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. ஆமான்னா, கோர்ட்டு விட்டாலும் நான் விட மாட்டேன். இல்லைன்னா..." அங்கே நிறுத்திவிட்டாள்.

இன்று நாலு மணிக்குத் தமிழ்மாறனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்கள்.

உரக்கடை வாசலில் கனகா நின்றிருந்தாள். கையில் ஒரு ஒயர்கூடை. அதை இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் கம்பெனி முதலாளி பேச்சிமுத்து, வெள்ளைச் சட்டையில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"யாரும் மேல வராதீங்க. கூப்புடும்போது ஒவ்வொருத்தரா வாங்க" என்றார் மேடம்.

"நான் போயி டீ வாங்கியாரேன். அண்ணனுக்கு வாயெல்லாம் ரத்தம்" என்று சுருளி தெருமுனைப் பக்கம் நடந்தார். நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாடியில் இன்ஸ்பெக்டர் நுஸைபா ஒரு கான்ஸ்டபிளோடு காத்திருந்தார். அவரும் மேடமும் ஒரே பேட்ச். தரையைக் கழுவியிருந்தார்கள், ஆனாலும் டைல்ஸ் இடுக்கில் ரத்தம் கறுத்துக் கிடந்தது. சுவரில் தலை உயரத்துக்குத் தெறித்த துளிகளை யாரும் துடைக்கவில்லை. மனிதத் தலைக்குள் இம்புட்டு ரத்தமா!

"பவா, உனக்கு அரை மணி நேரம். எனக்கு நாலு மணிக்குக் கோர்ட். பதிவுல பேரே இருக்கு, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் நுஸைபா.

"பதிவுல எத்தனை பக்கம் படிச்ச?"

"முதல் பக்கம். அடைச்சவன் பேரு அதுலயே வந்துருச்சு. மொத்தம் ரெண்டாயிரம் பக்கம் இருக்கு. யா அல்லாஹ், அதைப் படிக்க நான் ரிட்டயர்தான் ஆகணும்."

மேடத்தின் கண் சுருங்கியது. "ரெண்டாயிரமா? அதுக்கு முந்தின வாரம் பூராவும் எத்தனை?"

நுஸைபா தாள்களைப் புரட்டினார். "ஒண்ணரைப் பக்கம்."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு ரூட்டர் திரையின் முன் உட்கார்ந்தார். திரையில் வரிகள் அருவியாக இறங்கிக்கொண்டிருந்தன. பத்து நிமிடம் விரல் மட்டும் ஓடியது. நான் உதட்டில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு நின்றேன். பிறகு அவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

"நுஸைபா, ரூட்டர்ங்கறது ஓயாமப் பேசுற மிஷின். அது பேசுறதுக்கெல்லாம் ஒரு நம்பர் உண்டு. சைபர்ல ஆரம்பிச்சு ஏழு வரைக்கும். சைபர்தான் இருக்குறதுலயே பெரிய ஆபத்து."

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க மேடம்" என்றேன்.

"சைபர்னா வீடே இடிஞ்சு விழுந்துருச்சு. மூணுன்னா கதவு ஒடஞ்சிருச்சு. அஞ்சுன்னா யாரோ கதவைத் தொறந்து மூடுனாங்க. ஆறுன்னா வாசல்ல ஒரு ஆள் வந்தாரு, போனாரு. ஏழுன்னா செவுத்துல எறும்பு போகுது."

"எங்க அத்தை ஏழு மேடம். எறும்பு மட்டுமில்ல, அது எங்க போகுதுன்னும் சொல்லும்."

"இதுல எந்த நம்பர் வரைக்கும் எழுதி வைக்கணும்னு நம்மதான் சொல்லணும். பீமாராவ் நாலு போட்டிருந்தாரு. சைபர்ல இருந்து நாலு வரைக்கும் எழுது, மத்த பேச்செல்லாம் வேணாம்னு அர்த்தம். அதனாலதான் ஒரு வாரத்துக்கு ஒண்ணரைப் பக்கம். திங்கக்கிழமை பதினொண்ணு அஞ்சுக்கு ஒருத்தன் கேமரா கண்ணுல படாம அந்த நாலை மாத்தி ஏழு போட்டிருக்கான்."

நுஸைபா புருவத்தைச் சுருக்கினார். "ஏழுன்னா எறும்பு வரைக்கும் எழுதுமே? கொலை பண்ண வந்தவன் எதுக்கு எல்லாத்தையும் எழுதச் சொல்றான்?"

"அதுதான் கேள்வி. நாலுல இருந்தபடியே விட்டிருந்தா, கேமராவை அடைச்சதும் பதிவாகியிருக்காது, அடைச்ச பேரும் பதிவாகியிருக்காது. ரெண்டுமே அஞ்சாம் நம்பர் பேச்சு."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி எவன் என்றுதான் தெரிய வேண்டும்.

"அவன் பதிவை நிறுத்த நினைச்சிருக்கான்" என்றார் மேடம். "பெரிய ஆபத்து மட்டும் எழுது, மத்ததெல்லாம் விடுன்னு சொல்ல நினைச்சு, இருக்குறதுலயே பெரிய நம்பரைத் தட்டிருக்கான். ஏழுதான் பெருசுன்னு நம்புற ஆளு. தமிழ்மாறனுக்கு இது அஞ்சு வருசமாச் சோறு போடுற வேலை. அவனுக்கு நிறுத்தணும்னா சைபர் போட்டிருப்பான், இல்ல ஒரேயடியா அணைச்சிருப்பான். தூக்கத்துல கேட்டாலும் ஏழு போட மாட்டான்."

"இது கோர்ட்ல நிக்காது பவா. 'தெரியாத மாதிரி நடிச்சான்'னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது."

"தெரியும். அதுக்குத்தான் ஆளையே காட்டப் போறேன். முதலாளியை வரச் சொல்லுங்க, கண்ணண்ணே. அதுக்கு முந்தி இதைக் கேட்டுக்கங்க. திரையில கண்ணை வச்சுக்கிட்டே இருங்க. 'புதுசா ஒரு போன் சேர்ந்துச்சு'ன்னு ஒரு வரி வரும். ஒவ்வொரு போனுக்கும் ஒரு அடையாள நம்பர் உண்டு, அதுல கடைசி நாலு எழுத்தை மட்டும் சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த அறையின் வைஃபையும் அந்த ரூட்டரில்தான். ஒருமுறை பாஸ்வேர்டு போட்ட போன், மாடிப்படி ஏறும்போதே தானாகச் சேர்ந்துகொள்ளும். போன் சேர்வதும் பிரிவதும் ஆறாம் நம்பர் பேச்சு. நாலில் வராது, ஏழில் வரும். திங்கட்கிழமை அவன் போட்ட ஏழை இன்றுவரை யாரும் மாற்றவில்லை.

மேடம் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். திங்கள், பதினொன்று முப்பத்தொன்று: ஒரு போன் பிரிந்தது. கடைசி எழுத்துகள் ஒன்பது, சி, நாலு, இ. அன்று காலை அறையில் பீமாராவின் போன் தவிர இருந்த ஒரே போன் அதுதான். தமிழ்மாறனின் போன் ஸ்டேஷனில் இருந்தது. நுஸைபா கூப்பிட்டு விசாரித்தார். எழுத்துகள் வேறு.

"அதை மாத்திக்க முடியாதா?" என்று கேட்டார் நுஸைபா, ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

பேச்சிமுத்து மூச்சு வாங்க மேலே வந்தார். கூடவே கனகாவும் வந்துவிட்டாள், கூடையோடு. அவளைத் தடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

"முதலாளி, சும்மா ஒரு கேள்வி" என்றார் மேடம். "சைபர்ல இருந்து ஏழு வரைக்கும் நம்பர். எது பெரிய ஆபத்து?"

"இது என்ன கேள்வி? ஏழுதான்" என்றார் பேச்சிமுத்து. "லைன்ல எங்களுக்கு எப்பவும் அப்பிடித்தான். கேபிள் டிவி காலத்துல இருந்து பழக்கம். ஒரு வீட்டுல வரலைன்னா கம்ப்ளைன்ட் ஒண்ணு. ஒரு தெருன்னா மூணு. ஊரே போச்சுன்னா ஏழு. ஏழுன்னா லைன்காரன் சோத்துத் தட்டைத் தள்ளிட்டு ஓடணும்."

என் ரத்தம் கொதித்தது. முடிந்தது கதை. ஏழைத் தட்டிய கை இதோ நிற்கிறது, வெள்ளைச் சட்டையோடு. கூலிக்கு ஆள் வைத்து என் உதட்டைக் கிழித்தவனும் இவன்தான். எனக்கு முன்கோபம் உண்டு, மறைக்கவில்லை. பாய்ந்து அவர் கையைப் பின்னால் முறுக்கிச் சுவரில் வைத்து அழுத்தினேன்.

"கொலைகாரப் பாவி! உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்!"

"ஐயோ! விடுய்யா, தோள்பட்டை கழலுது!"

கனகாவின் கை கூடைக்குள் போனது.

"கண்ணண்ணே" என்றார் மேடம், குரலே உயர்த்தாமல். "திரையைப் பாக்கச் சொன்னேன்ல?"

பார்த்தேன். ஒரு போன் சேர்ந்திருந்தது. கடைசி எழுத்துகள் இரண்டு, ஏ, எட்டு, எட்டு.

"அவரு போன் வேற மேடம்" என்றேன். முகத்தில் அசடு வழிந்தது. கையை விட்டேன். பேச்சிமுத்து தோளைத் தேய்த்தபடி என் குலத்தையே திட்டினார். வாங்கிக்கொண்டேன், நியாயமான திட்டு.

"லைன்ல இருக்க எல்லாருக்கும் ஏழுதான் பெருசா?" என்று மேடம் கேட்டார்.

"எல்லாருக்கும்தான். நாங்க கம்பத்துல ஏறுற சாதி. சைபர், கிய்பரெல்லாம் இந்த ரூம்ல ஏசிக்குள்ள உக்காந்திருக்கவங்க பாஷை."

"லைன்காரங்கள்ல இந்த ரூட்டரைத் தொடத் தெரிஞ்சவங்க?"

பேச்சிமுத்து வாயைத் திறந்தார். பதில் வரும் முன்னால் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. திரையில் ஒரு புது வரி விழுந்தது.

ஒன்பது, சி, நாலு, இ.

கதவைத் தள்ளிக்கொண்டு சுருளி வந்தார். ஒரு கையில் ஃபிளாஸ்க், மறு கையில் பேப்பர் கப்புகள்.

"சூடா இருக்கு, ஊதிக் குடிங்கண்ணே" என்றார் என்னைப் பார்த்து.

"சுருளிண்ணே" என்றார் மேடம், மிக மரியாதையாக. "திங்கக்கிழமை பதினொண்ணு முப்பத்தொண்ணுக்கு எங்க இருந்தீங்க?"

"எழுமலையில, கம்பத்துல. காலையில இருந்து ரெண்டு மணி வரைக்கும். ஸ்டேஷன்லயும் எழுதிக் குடுத்திருக்கேனே."

"உங்க போன் மட்டும் இங்க இருந்திருக்கு. இந்தா, பதிவாகியிருக்கு."

சுருளி சிரித்தார். "அது எப்படிம்மா பதிவாகும்? ஏழுல்ல போ..."

சொல் பாதியில் அறுந்தது. ஏழு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. கீழே இருந்த யாருக்கும் அது தெரியாது.

அரைக்கிணறு தாண்டினவன் கதை என்று பிறகு தெரிந்தது. கம்பத்தில் நின்றுகொண்டே ஒரு லைனைத் திறக்கவும் அடைக்கவும் பீமாராவ் சுருளிக்குப் போனிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார். உள்ளே போகத் தமிழ்மாறனின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்ததும் பீமாராவ்தான். எந்த நம்பர் பெரிது என்ற மிச்சப் பாதியைச் சொல்லிக் கொடுக்க நேரம் கிடைக்கவில்லை.

ஃபிளாஸ்க் என் முகத்தை நோக்கி வந்தது. குனிந்தேன். கொதிக்கிற டீ கான்ஸ்டபிளின் கழுத்தில் கொட்டியது, அவர் அலறிக்கொண்டு சரிந்தார். நுஸைபா துப்பாக்கியில் கை வைப்பதற்குள் சுருளி கனகாவின் கூந்தலைச் சுற்றிப் பிடித்து இழுத்துவிட்டார். இடுப்பிலிருந்து ஒயர் சீவும் கத்தி வெளியே வந்து அவள் தொண்டையில் உட்கார்ந்தது. ஒரு கோடாக ரத்தம் இறங்கியது.

"எவனும் நகராதீக! இவளை அறுத்துப் போட்டுருவேன்!"

"எதுக்கு அண்ணே பீமாவைக் கொன்னீங்க?" என்றார் மேடம். அவர் குரலும் நடுங்கியது, முதல் தடவையாகக் கேட்டேன்.

"நான் கொல்ல வரல! எழுமலை கேமராப் படம் இங்கதான் இருந்துச்சு, அதை அழிக்கத்தான் வந்தேன். எங்கிட்ட வேலை பார்த்த சோணை கம்பத்துல இருந்து விழுந்து செத்தான்ல, அந்தப் படம். ஏற மாட்டேன், கரண்டு இருக்குன்னு அவன் அழுதான். நாலு அறை விட்டு ஏத்துனது நானு. குடிச்சிட்டு ஏறுனான்னு ஊருக்குச் சொன்னேன். பீமா அதை எடுத்து வச்சிருந்தான். சோணை பொண்டாட்டிகிட்டக் காட்டப் போறேன்னான். டீ குடிக்கப் போனவன் இம்புட்டு வெரசாத் திரும்பி வருவான்னு எனக்குத் தெரியுமா? கால்ல விழுந்தேன். 'உண்மையை ஒத்துக்க மேஸ்திரி'ங்கறான். கடப்பாரை கைக்கு எட்டுச்சு."

"மூணு தடவை எட்டுச்சா?" என்றாள் கனகா.

தொண்டையில் கத்தி இருக்கும்போதுதான் கேட்டாள். சுருளி அவளைக் குனிந்து பார்த்தார். அந்த ஒரு நொடி போதும். கூடைக்குள் இருந்த கை அரிவாளோடு வெளியே வந்தது. பின்பக்கமாக, கண்ணால் பார்க்காமலே, அவர் தொடையில் வெட்டினாள். அவர் ஊளையிட்டு விழுந்தார். நான் கத்தி பிடித்த கையை மிதித்தேன். விரல் உடைகிற வரை மிதித்தேன். வருத்தமில்லை.

கனகா அவர் மார்பில் முழங்காலை ஊன்றி அரிவாளைத் தலைக்கு மேல் ஓங்கினாள். நுஸைபாவின் துப்பாக்கி யாரைக் குறி பார்ப்பது என்று தெரியாமல் ஆடியது. சத்தியமாகச் சொல்கிறேன், வெட்டட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"கனகா" என்றார் மேடம். "நாலு மணிக்கு உங்க புருசன் கோர்ட்டு வாசல்ல நிப்பாரு. இவன் வாயைத் திறந்தாத்தான் அவரு வீட்டுக்கு வருவாரு. பொணம் பேசாதும்மா."

அரிவாள் இறங்கியது. சுருளியின் காதுக்கு ஓர் அங்குலம் தள்ளி, டைல்ஸ் உடைந்து தெறித்தது. அண்ணனின் ரத்தம் கறுத்துக் கிடந்த அதே இடுக்கு. கனகா அரிவாளை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

"அவரு பேருல உள்ள போனானே, அந்தப் பாஸ்வேர்டு என்ன?" என்று திடீரென்று கேட்டாள்.

"உங்க பேரும், கல்யாணத் தேதியும்" என்றார் மேடம்.

அவள் காலியான ஒயர்கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

ஹெல்மெட் போட்ட நாலு பேரும் சுருளியின் ஆட்கள்தான். ஏணிக்கு ஓடும்படி சொல்லி வைத்ததும் அவரேதான். எங்களைப் பயமுறுத்தி விரட்டுவது, முடியாவிட்டால் காப்பாற்றி நம்ப வைப்பது. என்னைச் 'சாமி' என்று சொல்ல வைத்துவிட்டானே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

மூன்றே காலுக்கு ஸ்டேஷனில் இருந்தோம். நுஸைபா ஒரு கத்தைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோர்ட்டில் தானே பேசி இன்றே அனுப்பி வைப்பதாகச் சொன்னார். தமிழ்மாறனைக் கூட்டி வந்தார்கள். வலது கையில் மாவுக்கட்டு, கழுத்திலிருந்து தொங்கிய தூளிக்கட்டு. மூன்று நாள் தாடி. பெஞ்சில் உட்கார்ந்தான். சுருளி, சைபர்தான் பெரிதென்று தெரியாமல் தட்டிய ஏழு, போன் எல்லாவற்றையும் மேடம் இருவர் முன்னாலும் சுருக்கமாகச் சொன்னார். அவன் தலையை மட்டும் ஆட்டினான். மச்சான் பெயர் வந்த இடத்தில் கண் கலங்கியது.

கனகா அவன் எதிரில் நின்றாள். கழுத்தில் மேடத்தின் கைக்குட்டை, அதில் ரத்தம். கட்டுப் போட்ட கையைத் தொடப் போய், பயந்து, கையை இழுத்துக்கொண்டாள்.

"ரொம்ப வலிக்குதா?" என்றாள். "எம்புட்டு வலிக்குது?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஜீப்பில் ஏற்றிய பிறகு இப்போதுதான் பார்க்கிறான்.

"சைபர்" என்றான்.

"அப்பாடா, ஒண்ணுமில்லையாம்மா" என்று பக்கத்தில் நின்ற ஏட்டய்யா சிரித்தார்.

மேடம் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. கனகா அந்த பெஞ்சுக்குக் கீழே, வெறும் தரையில் உட்கார்ந்து, புருசனின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.